அந்த நூறு ரூபாயை வாங்காதீர்கள்

ரீசார்ஜ் கடை, பெட்டிக்கடை, டீக்கடை, பிரவுசிங் சென்டர், கேரம் கிளப் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும்,



16 வயதுப் பையன் ஒருவன் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கிறான். மற்ற ஆட்கள் போகட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கி நிற்பான். கூட்டம் குறைந்ததும் நூறு ரூபாய்த் தாளை நீட்டுவான். தன் செல்போனில் ஒரு கியூஆர் படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதுக்கு ஒரு ஜிபே போட்டு விடுங்களேன்" என்பான். நீங்கள் ஸ்கேன் செய்து 95 ரூபாய் அனுப்புவீர்கள். மீதி ஐந்து ரூபாய் உங்களுக்கு. திரையில் என்ன பெயர் வந்தது என்று பார்க்கமாட்டீர்கள். ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு என்டர்பிரைசஸ். அதற்குள் அடுத்தவர் பால் பாக்கெட் கேட்டுவிடுவார்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் சட்ட உதவி வழக்கறிஞராக வேலை பார்ப்பவள். 18 வயது நிரம்பாத பிள்ளைகள் மீது புகார் வந்தால் அவர்களுக்காகப் பேசுவது என் வேலை. அம்மாவின் கம்மலை எடுத்து அடகு வைத்தவன், மகளிர் குழுவுக்குக் கட்ட வைத்திருந்த தவணைப் பணத்தை எடுத்தவன், பக்கத்து வீட்டு சைக்கிளை விற்றவன் என்று பல பையன்கள் வருகிறார்கள். திருட்டு என்று வருகிற புகாரைக் கொஞ்சம் கிளறினால் அடியில் சூதாட்டம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிளறினால் ஒரு கடை இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பையன் என்று இங்கே எழுதமாட்டேன். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதற்குத் தடை போட்டிருக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் எழுதியிருக்கமாட்டேன்.

நான் பார்த்த வீடுகளில் நடப்பது ஒரே மாதிரி. விஷயம் வெளியே வந்ததும் பையனுக்கு அடி விழுகிறது. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். சொந்தக்காரர்கள் "அவன் அப்படித்தான்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். பணத்தை வாங்கிப் போட்டுக்கொடுத்த பெரியவரை ஒருவரும் கேட்பதில்லை. சட்டமோ இதற்கு நேர் எதிராக நினைக்கிறது. ஆடிய பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்கிறது. ஆட இடம் கொடுத்த பெரியவரைக் கூண்டில் ஏற்றச் சொல்கிறது. உங்களில் பலருக்கு இது தெரியாது என்பதை உங்களோடு பேசிப் பார்த்ததில் புரிந்துகொண்டேன். "சூதாட்டம் நடத்துறவன் எங்கேயோ வெளிநாட்டுல இருக்கான், நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்கிறீர்கள். அதற்கான பதிலை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த ஒன்றிய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பணம் கட்டி, பணம் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுகிற எந்த ஆன்லைன் ஆட்டத்தையும் அது தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வித்தியாசத்தை அது பார்ப்பதில்லை. அதன் 5-ஆம் பிரிவு ஆட்டத்தை வழங்குகிறவரோடு நிற்பதில்லை. உதவுகிறவர், உடந்தையாக இருப்பவர், தூண்டுகிறவர் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. 7-ஆம் பிரிவு பணம் போகிற வழியை அடைக்கிறது. வங்கி, நிதி நிறுவனம் என்று சொல்லிவிட்டு, பணப் பரிமாற்றத்துக்கு வசதி செய்து தரும் "வேறு எந்த நபரும்" என்று அது தொடர்கிறது. உங்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற நீங்களும் அந்த வேறு நபருக்குள் வருவீர்கள். இந்த இரண்டு பிரிவுகளில் எதை மீறினாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை என்றால் சிறை 3 ஆண்டுக்குக் குறையாது, 5 ஆண்டு வரை போகலாம். அபராதமும் 1 கோடியில்தான் ஆரம்பிக்கும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது.

ஆடுகிறவனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. ஏமாற்றப்பட்டவன் என்றே அவனைப் பார்ப்பதாக ஒன்றிய அரசு சொன்னது.

இத்தோடு முடியவில்லை. நம் மாநிலத்துக்கென்று 2022-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. முன்னாள் நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்து, அவசரச் சட்டம் வந்து, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். ஆன்லைன் சூதாட்டத்தை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும், விளம்பரம் செய்கிறவருக்கு 1 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் அதில் இருக்கின்றன. இது ஆடுகிறவரையும் விடவில்லை: 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது என்று ஒரு பேச்சு கடைவீதியில் சுற்றுகிறது. அது பாதி உண்மை. 2021-இல் கொண்டுவந்த முந்தைய திருத்தச் சட்டத்தைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சொன்ன பட்டியலை மட்டும் 2023 நவம்பரில் நீக்கியது. மற்றதைச் செல்லும் என்றது. அதன் பிறகு தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் போட்டது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர் பணம் வைத்து ஆடக்கூடாது. ஆதாரை வைத்துச் சரிபார்க்காமல் கணக்கு திறக்கக்கூடாது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே விடக்கூடாது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ரம்மி திறமை ஆட்டமா என்று பெரியவர்களுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் இந்த விதிகள் வந்த பிறகு, பிள்ளைகள் பணம் வைத்து ஆடலாம் என்று சொல்ல நம் மாநிலத்தில் இடமே இல்லை.

ஒன்றியச் சட்டம் வந்த சில நாட்களிலேயே டிரீம்11, எம்பிஎல், சூப்பி மாதிரிப் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. அதனால் விவகாரம் முடிந்தது என்று நினைத்தீர்களானால், பையன்களின் செல்போனை நீங்கள் பார்க்கவில்லை என்று அர்த்தம். இப்போது அவர்கள் ஆடுவது முகவரி தெரியாத ஆட்டங்களை. டெலிகிராமில் லிங்க் வருகிறது. கலர் பிரெடிக்‌ஷன் என்கிறார்கள்: சிவப்பா பச்சையா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை காசு கட்ட வேண்டும். ஏவியேட்டர் என்கிறார்கள்: திரையில் விமானம் ஏற ஏறக் கட்டிய பணம் பெருகும், அது மறைவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ஐபிஎல் நடக்கும்போது ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் "ஐடி" கொடுக்கிறார். ஓவருக்கு இத்தனை ரன் என்று கட்டலாம். வயது கேட்பாரில்லை. முதல் இரண்டு மூன்று தடவை சின்னத் தொகை ஜெயிக்க விடுவார்கள். நூறு கட்டினால் நூற்றெண்பது வரும், அதைக் கணக்குக்கு எடுக்கவும் முடியும். நண்பனைச் சேர்த்துவிட்டால் ரெஃபரல் காசு. ஆயிரத்துக்கு மேல் சேர்ந்து, எடுக்கலாம் என்று போகும்போது கதவு மூடிவிடும். இன்னும் ஐந்நூறு கட்டினால்தான் எடுக்க முடியும் என்று செய்தி வரும். அந்த ஐந்நூறுக்காகத்தான் அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது.

இத்தனைக்கும் நடுவே பையனால் தானாகச் செய்ய முடியாத காரியம் ஒன்றுதான். அவன் கையில் இருக்கும் ரொக்கம் செல்போனுக்குள் போக வேண்டும். வீட்டில் அப்பாவின் யுபிஐ எண் தெரியாது, தெரிந்தால் குறுஞ்செய்தி வந்து மாட்டிக்கொள்வான். ரொக்கம் கணக்குப் பணமாக மாறுகிற இடம் உங்கள் கடை. சர்வர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் நம் ஊர்ப் பையனுக்கு அந்த ஆட்டத்தின் வாசல் நீங்கள்தான். மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுவது இதனால்தான். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைத்தால் ஒரே நாளில் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

"யாருக்குப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?" இது நியாயமான கேள்வி. ஒருமுறை தெரியாமல் அனுப்பியவர் மேல் வழக்கு வந்தால், குற்ற எண்ணம் இல்லை என்று நானே உங்களுக்காக வாதாடுவேன். ஆனால் பள்ளிச் சீருடையில் அதே பையன் வாரத்துக்கு நான்கு நாள் வருகிறான், ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயருக்கு நூறு, இருநூறு என்று போகச் சொல்கிறான் என்றால், தெரியாது என்ற வார்த்தை எத்தனை நாள் நிற்கும்? உங்கள் யுபிஐ வரலாறு நாள், மணி, நொடி போட்டு உங்கள் செல்போனிலேயே கிடக்கிறது. அதைவிடத் தெளிவான சாட்சியை எந்தக் காவல் ஆய்வாளரும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

"பார்த்தால் இருபது வயசு மாதிரி இருந்தான்" என்பதும் உதவாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி பள்ளிச் சான்றிதழைப் பார்ப்பார்கள், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. மீசை அரும்பியிருந்ததா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வழக்கு வரை போகாமலே ஒரு சிக்கல் வரும். அந்தச் சூதாட்டக் கணக்குகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தவை. கல்லூரிப் பையனிடமோ கூலித் தொழிலாளியிடமோ சில ஆயிரம் கொடுத்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். அதே கணக்குகளில்தான் இணைய மோசடிப் பணமும் புரள்கிறது. எங்கேயோ வட மாநிலத்தில் ஒருவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்கு நகர்ந்ததோ அத்தனையும் முடங்கலாம். பையன் ஜெயித்த காசை உங்கள் கணக்குக்கு வரவழைத்து ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்கள் கணக்கும் அதில் ஒன்று. கடைக்குச் சரக்கு எடுக்கப் பணம் இல்லாமல், ஊர் பேர் தெரியாத காவல் நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லி வக்கீலைத் தேடி அலைகிற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிமாற்றத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர்கள்தான் அவர்களும்.

இனி மற்ற கடைகள். மூணு நம்பர் எழுதுகிறவர்களிடம் சொல்ல அதிகம் இல்லை. 2003 ஜனவரியில் இந்த மாநிலத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. பக்கத்து மாநில லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்ணுக்குத் துண்டுச் சீட்டில் காசு கட்ட வைப்பது அந்தத் தடையைச் சுற்றிப்போகும் சந்து; அந்தச் சந்தும் குற்றம்தான் என்று உங்களுக்கே தெரியும், தெரிந்துதான் செய்கிறீர்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த மூணு நம்பரால் கடனாளியான நகைத் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இறந்துபோனார்கள். சீட்டு எழுதிய கையால் அந்தச் செய்தியையும் படித்திருப்பீர்கள்.

அதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சீட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோகவும், காசு வசூலித்து வரவும் பள்ளிப் பையன்களை அனுப்புகிறீர்கள். சின்னப் பையன் என்றால் போலீஸ் பிடிக்காது, பிடித்தாலும் விட்டுவிடும் என்று கணக்குப் போடுகிறீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவைக் கேளுங்கள். சட்டவிரோதக் காரியத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். லாட்டரிச் சட்டத்தில் உங்களுக்கு வரக்கூடியதைவிட இது பெரிது. பையனை வைத்து ஐடி விற்கிற ஏஜென்ட்டுக்கும், பையனின் வங்கிக் கணக்கை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கும் இது பொருந்தும் என்பது என் வாதம். அப்படி ஒரு வழக்கில் அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட நான் தயங்கமாட்டேன். கும்பலாகச் செய்தால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவும் இருக்கிறது. கும்பலில் ஒருவராக இருந்து அனுமதியில்லாத பந்தயம், சூதாட்டம் நடத்தினால் 1 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை.

கேரம் கிளப், பின்கட்டில் சீட்டு போட இடம் விடும் டீக்கடை ஆகியவற்றுக்கு 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே போதும். சென்னையில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம். நீங்கள் ஆட வேண்டிய அவசியமில்லை. பணம் வைத்து ஆடுகிறார்கள் என்று தெரிந்தும் இடம் கொடுத்தாலே வழக்கு உங்கள் மேல் வரும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லிங்க் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கமிஷன் வருகிறது என்று போடுகிறீர்கள். அது விளம்பரம். ஒன்றியச் சட்டத்தில் விளம்பரத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்.

பையனுக்கு என்ன ஆகும் என்று இப்போது சொல்கிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அந்த வயதில் பிள்ளை இருக்கலாம்.

18 வயது நிரம்பாத பிள்ளை சூதாடிப் பிடிபட்டால் அது சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். மூன்று ஆண்டுக்குள் தண்டனை உள்ள எல்லாமே சிறு குற்றங்கள். அவனை லாக்கப்பில் வைக்கக்கூடாது. கைவிலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூகச் சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நீட்டித்த கால அளவுக்குள்ளும் விசாரணை முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு தானாகவே முடிந்துவிடும். 24-ஆம் பிரிவுப்படி, குற்றம் செய்தான் என்று முடிவானாலும் அது பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக வரக்கூடாது. காலம் கழிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். ஒரு பிள்ளை தவறு செய்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க முடிய வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நோக்கம். இத்தனை வருடமும் இந்த வேலையில் என்னை இருக்கச் செய்தது அந்த ஒரு பிரிவுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

ஆனால் விதிகளில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். சிறு குற்றம் என்றால் பிள்ளை மேல் முதல் தகவல் அறிக்கையே போடக்கூடாது, காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. இதற்கு இரண்டு விலக்குகள். கொடுங்குற்றமாக இருந்தால் அறிக்கை போடலாம். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இருந்தாலும் போடலாம். அந்தப் பெரியவர் நீங்களாக இருந்தால், தனியாக மாட்டியிருந்தால் நாட்குறிப்போடு போயிருக்க வேண்டிய பையனின் பெயர் உங்கள் பெயரோடு சேர்ந்து வழக்குக்குள் வந்துவிடுகிறது. விசாரணை தனித்தனியாகத்தான் நடக்கும், அவனுக்கான பாதுகாப்புகளும் போகாது. இருந்தாலும் பத்தாம் வகுப்புப் பையனின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறியதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த உதவி என்று ஆகிவிடும்.

பிறந்தநாள் ஒன்று தாண்டினால் எல்லாம் மாறிவிடும். கல்லூரி முதல் ஆண்டு படிக்கும் பையன், 18 முடிந்து ஒரு வாரம் ஆனவன், அதே ஆட்டத்தை அதே கடையில் ஆடினால் அவன் பெரியவன். மாநிலச் சட்டப்படி அவன் மேல் வழக்கு, சாதாரண நீதிமன்றம், சாதாரண முதல் தகவல் அறிக்கை. காவலர் தேர்வு எழுத நம் பக்கத்தில் எத்தனை பையன்கள் விடியற்காலையில் மைதானத்தில் ஓடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தேர்வில் ஜெயித்த பிறகு நன்னடத்தை விசாரணையில் ஒரு வழக்கு எட்டிப்பார்த்தால், ஓடிய ஓட்டம் அத்தனையும் அங்கே நின்றுவிடும். அந்தப் பழக்கம் 18 வயதில் முளைப்பதில்லை. 15-இல் உங்கள் கவுண்டரில் தொடங்கி வளர்ந்து வருகிறது.

கடன் கொடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பையன் தோற்றுவிட்டு வந்து நின்றால் "சரி, நோட்டில் எழுதிக்கோ" என்று இருநூறு, முந்நூறு போட்டுக் கொடுப்பீர்கள். இரண்டாயிரம் ஆனதும் அவன் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வீர்கள், அல்லது சைக்கிளை. சட்டத்தில் அந்தக் கடனுக்கு மதிப்பே இல்லை. 18 வயது நிரம்பாதவரோடு போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல் பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்து மாறாத நிலை. பந்தயத்துக்கான உடன்பாடு செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் ஒரு ரூபாயைக் கூட வசூலிக்க முடியாது. மிரட்டிச் செல்போனைப் பிடுங்கினால் அது மிரட்டிப் பணம் பறித்த குற்றமாக உங்கள் மேல் திரும்பும். அநியாய வட்டி போட்டிருந்தால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும் காத்திருக்கிறது. அவன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதுதான் உங்கள் ஆயுதம். அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பிள்ளைகள் திருடுகிறார்கள், ஊரைவிட்டு ஓடுகிறார்கள், அதைவிட மோசமானதையும் நினைக்கிறார்கள்.

"நான் போடாவிட்டால் அடுத்த கடையில் போடுவான்." இதைச் சொல்லாத ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. சிகரெட் விஷயத்தில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை உங்கள் கடையில் தொங்குகிறது. முதலில் அதற்கும் இதே பேச்சுதான் பேசினீர்கள். இன்று பள்ளிச் சீருடையில் வந்து சிகரெட் கேட்டால் உங்களில் நிறையப் பேர் "போடா, அப்பாகிட்ட சொல்லிருவேன்" என்று விரட்டுகிறீர்கள். அபராதத்துக்குப் பயந்து தொடங்கியது, பழக்கமாகி, இப்போது மனசாட்சியாகவே ஆகிவிட்டது. ஜிபே கேட்கும் பையனிடம் அதே குரலைக் காட்டுவது முடியாத காரியமா?

"அவன் அப்பாவே ரம்மி ஆடுகிறார்" என்றும் சொல்கிறீர்கள். இருக்கலாம். அப்பாவுக்கு அவர் பதில் சொல்வார். பிள்ளைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகளிடம் ரொக்கம் வாங்கி அவர்கள் காட்டும் கியூஆருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பள்ளிக் கட்டணம், பஸ் பாஸ், தேர்வுக் கட்டணம் என்று உண்மையான தேவையோடு வருகிற பிள்ளையும் இருப்பான். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது வீட்டுப் பெரியவரிடம் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள். அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். நன்றாகத் தெரிந்தவர் பிள்ளையே என்றாலும் அவன் ஜெயித்த பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். நோட்டில் எழுதி வைத்த கடனைக் கிழித்துப் போடுங்கள். பிடுங்கி வைத்திருக்கும் செல்போனைத் திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்ய எந்த அதிகாரியும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பையன் கண்ணில் பட்டால் அவனை அடிக்கவோ ஊரில் சொல்லவோ வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் வெளியே போகாது. அவன் உடைந்துபோய் இருந்தால், தன்னையே முடித்துக்கொள்ளும் பேச்சு வாயில் வந்தால், மனநல உதவி எண்ணான 14416-க்கு நீங்களே போன் போட்டு அவன் கையில் கொடுங்கள், அவன் பேசி முடிக்கும்வரை கூட இருங்கள். இணையத்தில் பணம் போயிருந்தால் 1930. தாமதிக்காமல் சொன்னால் பணத்தை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு உண்டு.

உங்களில் யாராவது இந்தத் தொழிலில் ஆழமாகப் போயிருந்தால், ஐடி விற்றிருந்தால், பையன்களை வைத்து வசூல் செய்திருந்தால், காவல் துறை வருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நான் அந்தப் பக்கம் நிற்கமுடியாது. என் கட்சிக்காரர்கள் பிள்ளைகள். ஆனால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் உங்களுக்கும் ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

வணிகர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். சட்டப் பிரிவுகளைத் தமிழில் எடுத்து, கடையில் ஒட்டுகிற அளவில் அச்சிட்டுக் கொண்டுவருகிறேன். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் தனியாகவும் கேட்கலாம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு வசதி. உங்களுக்கு இரவு கடை அடைத்த பிறகுதான் முடியும் என்றால் அதற்கும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் பால் வாங்கும் வழக்கறிஞர் ஒருத்தி